பழைய வேனின் தகரக் கூரையை வெட்டி பாப்-டாப் போடலாமா?

2024 மார்ச் 3

பாப்-டாப் என்றால், வண்டியை நிறுத்தியதும் மேலே எழுப்பி, கேன்வாஸ் சுவரோடு மாடிப் படுக்கை ஆக்கிக்கொள்கிற கூரை. இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர் கேட்டதை அப்படியே போடுகிறேன். அதில் பே விண்டோ என்பது முன் கண்ணாடி ஒரே துண்டாக வளைந்த மாடல், ராக் அண்ட் ரோல் பெட் என்பது விரித்தால் படுக்கையாகிற பின் இருக்கை. "அண்ணா, என்னிடம் இருப்பது 1976 மாடல் ஃபோக்ஸ்வேகன் டைப் 2, பே விண்டோ. மேலே வெறும் தகரக் கூரை. உள்ளே ராக் அண்ட் ரோல் பெட்டை விரித்து நானும் மனைவியும் படுத்தால் இடம் முடிந்தது. பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஐந்து வயதும். பாப்-டாப் போட்டால் நாலு பேரும் படுக்கலாம் என்கிறார்கள். ஃபேக்டரியில் வராத கூரையை நாமாக வெட்டிப் போட்டால் வண்டி தொய்ந்துவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?"

தம்பி, இரண்டையும் நம்பலாம். நாலு பேர் படுக்கலாம், அது உண்மை. வெட்டினால் வண்டி தொய்யும், அதுவும் உண்மை, வெட்டிய வாயைச் சரியாகக் கட்டாவிட்டால். இந்த வண்டிக்கு லாரி மாதிரி அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது. அடித்தளம், பக்கத் தகடு, கூரை எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியாக நின்றுதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரை அந்தப் பெட்டியின் மூடி. நடுவில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு அதை வெட்டி எடுத்தால், மூடி இல்லாத டப்பாவை இரண்டு பக்கமும் அமுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

நம் ஊர்த் தகர வாளியின் வாயைத் தடவிப் பாருங்கள். விளிம்புக்குள் ஒரு கம்பியை வைத்துச் சுருட்டியிருப்பார்கள். அந்தக் கம்பி இல்லாவிட்டால் தண்ணீரோடு தூக்கும்போதே வாளி நசுங்கிவிடும். பாப்-டாப்பில் அந்தக் கம்பி எது என்பதுதான் முதல் கேள்வி. ஃபைபர்கிளாஸ் மூடி எந்தக் கம்பெனி, கேன்வாஸ் என்ன நிறம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எல்லோரும் மூடியைப் பார்த்து வாங்குகிறார்கள். நானும் 2019-ல் அப்படித்தான் வாங்கினேன். என் வண்டி 1973 மாடல், இங்கே கென்ட்டில் இருக்கிறது. அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

2024 மார்ச் 4

ஒரு வார இறுதியில் முடிந்துவிடுமா என்று லெஸ்டர் தம்பி கேட்டிருக்கிறார். வெட்டுவதற்கு ஒரு பகல் போதும். மற்றதெல்லாம் முடிய எனக்கு ஐந்து வார இறுதிகள் பிடித்தன. பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் ஆரம்பிக்காதீர்கள்.

2024 மார்ச் 10

எந்த வகைக் கூரை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பழைய வண்டிகளில் நான் ஏறிப் படுத்துப் பார்த்தவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் வீடன்பிரூக் ஊரின் வெஸ்ட்ஃபாலியா 1951-லேயே ஃபோக்ஸ்வேகனுக்குள் வைக்கிற முகாம் பெட்டியைச் செய்துவிட்டது. டைப் 2-க்கு அவர்கள் போட்ட கூரை ஒரு முனையில் கீல் வைத்து ஆப்பு வடிவில் எழும்பும். கீல் முன்னாலா பின்னாலா என்பது வருடத்தைப் பொறுத்து மாறும், பழைய கூரையைத் தனியாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உயரமான முனையில் உட்காரலாம், தாழ்ந்த முனையில் கால் நீட்டலாம், நடுவில் திரும்பிப் படுத்தால் தோள் கேன்வாஸில் இடிக்கும்.

இங்கிலாந்தில் டோர்மொபைல். ஃபோக்ஸ்டோனில் மார்ட்டின் வால்டர் கம்பெனி செய்தது. தூங்குவதைக் குறிக்கும் சொல்லையும் ஆட்டோமொபைலையும் சேர்த்து வைத்த பெயர். பெட்ஃபோர்ட் சிஏ வேனில் அது அவ்வளவு பரவியதால், இங்கே வயதானவர்கள் எந்தக் கேம்பர் வேனைப் பார்த்தாலும் டோர்மொபைல் என்றுதான் சொல்வார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் என் ஃபோக்ஸ்வேகனை இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். இந்தக் கூரைக்குக் கீல் நீளவாட்டில், பக்கத்தில் இருக்கும். பட்டை பட்டையான கேன்வாஸ் விசிறி மாதிரி விரியும். திறந்த வாயின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு துணிக்கட்டில், ஸ்ட்ரெச்சர் மாதிரி. அகலம் குறைவு. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொட்டில் சுகம், எனக்கு அப்படியில்லை. ஒரு கண்காட்சியில் ஏறிப் படுத்தேன், இறங்குவதற்கு மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பார்க்க எனக்கு மிகவும் பிடித்தது டோர்மொபைல்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். வெயிலில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை வழியாக உள்ளே விழுகிற வெளிச்சம் வேறு எந்தக் கூரையிலும் கிடையாது.

புதிதாகச் செய்து விற்கிற கூரைகளும் உண்டு. படுக்கைப் பலகையோடு வரும், நல்ல பலகை என்றால் பெரியவர்களும் படுக்கலாம். பழையதா புதியதா என்றால் குடும்பத்துக்கு நான் புதியதைத்தான் சொல்வேன். ஐம்பது வருடத்து ஃபைபர்கிளாஸில் கீல் போல்ட்டு இருக்கிற இடத்தைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியிருக்கும். பெயின்ட் அடித்து விற்றால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தட்டிப் பாருங்கள், நல்ல இடம் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும்.

2024 மார்ச் 11

வைக்கிங்கை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் எழுதியிருக்கிறார், சரிதான். வைக்கிங் ஸ்பேஸ்மேக்கர் கூரை திறக்கும்போது வண்டியின் பக்கத்தையும் தாண்டி வெளியே நீளும், இந்த வண்டிகளில் மேலே அதைவிட இடம் தருவதை நான் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்துக் கூடாரத்துக்காரர் நெருக்கமாக நின்றால் திறக்க முடியாது.

அதே ஃபோக்ஸ்டோனில்தான் இன்று கடலடி ரயிலுக்கு வண்டிகள் ஏறுகின்றன. அங்கே 1.85 மீட்டருக்கு மேல் போனால் உயர வண்டிக் கணக்கு. டைப் 2 தகரக் கூரையோடேயே அதைத் தாண்டிவிடும், அதனால் பாப்-டாப் போட்டால் பிரான்ஸ் பயணச் செலவு கூடுமோ என்ற கவலை வேண்டாம். ஊருக்குள் மாடிக் கார் நிறுத்தங்கள் வேறு கதை. மூடியை மூடிய நிலையில் அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உங்கள் வண்டியை மனைவி ஓட்டும்போதும், நண்பர் ஓட்டும்போதும் அந்த எண் கண்ணில் பட வேண்டும்.

2024 மார்ச் 24

ஒரு விஷயத்தை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நாலு பேர் படுக்க இடம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், நாலு பேர் பாதுகாப்பாக உட்கார்ந்து போக இடம் இருக்கிறதா?

1976 வண்டியில் பின் இருக்கைக்குப் பெல்ட் இல்லாமலே இருக்கலாம். இங்கே சட்டப்படி பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தை இருக்கை வேண்டும். பெல்ட்டே இல்லாத பழைய வண்டியில் மூன்று வயது தாண்டிய பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. மூன்று வயதுக்குள் என்றால் கூடாது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக மோட்டார்வேயில் பெல்ட் இல்லாமல் பிள்ளையை வைத்து ஓட்ட என் மனம் ஒப்பவில்லை. கூரைக்குச் சேர்த்த பணத்தில் முதல் பங்கை எடுத்து, பெல்ட்டோடு இழுவைச் சோதனை செய்த பின் இருக்கைக்கும், அதன் அடித்தளத்தில் போல்ட்டு பிடிக்கிற இடத்தைப் பலப்படுத்துவதற்கும் போட்டேன். அதனால் கூரை ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த வருடம் முழுக்க பக்கத்தில் கூடாரம் போட்டுத்தான் படுத்தோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தம்பி, உங்கள் பின் இருக்கையின் படத்தை அனுப்புங்கள். பெல்ட் போல்ட்டுக்கு அடியில் தகடு எந்த நிலையில் இருக்கிறது என்று வண்டிக்கு அடியில் படுத்து எடுத்த படம் வேண்டும், மேலிருந்து எடுத்தது வேண்டாம்.

2024 ஏப்ரல் 7

என் வண்டிக் கதை. கொஞ்சம் நீளம்.

2019-ல் கூரையை நானே வெட்டவில்லை, ஒரு பட்டறையில் கொடுத்தேன். எந்தப் பட்டறை என்பது இங்கே தேவையில்லை. மூன்று நாளில் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அருமையாக இருந்தது. மூடி பளபளவென்று, கேன்வாஸ் பச்சை. பிள்ளைகள் பட்டறை வாசலிலேயே மேலே ஏறிவிட்டார்கள், இறக்கியே வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

இரண்டாவது மாதம் ஸ்லைடிங் டோர் இறுக ஆரம்பித்தது. முதலில் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டேன். அப்புறம் சக்கரத்தையே மாற்றினேன். சமதரையில் நின்றால் கதவு ஓடும். புல்வெளியில் ஒரு சக்கரம் பள்ளத்தில் நின்றால் கதவு பாதியில் நிற்கும். வேல்ஸில் ஒரு முகாமில் மழையில் நின்றுகொண்டு, உள்ளே பிள்ளை அழ, வெளியே நான் தோளால் இடித்துத் திறந்தேன். அந்த இரவு படுத்தபடி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூரையின் குறுக்கே போகிற வளைவுகளை அறுத்துவிட்டு, வெட்டிய ஓரத்தில் சுற்றிலும் மரச்சட்டத்தை சீலன்ட் என்கிற அடைப்புப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் மூடியைத் திருகியிருந்தார்கள். இரும்பு ஒரு துண்டுகூட இல்லை. மரச்சட்டத்தின் ஒரு மூலை ஏற்கெனவே கருத்திருந்தது. விரல் நகத்தால் அழுத்தினேன், நகம் உள்ளே போனது.

இந்தக் கதவு மூன்று தண்டவாளத்தில் ஓடுகிறது. கீழே வாசல்படியில் ஒன்று, பின்பக்கத் தகட்டில் வெளியே ஒன்று, மேலே கூரை ஓரத்தில் ஒன்று. கூரை ஓரம் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலே மேல் தண்டவாளம் கதவைப் பிடித்துக்கொள்ளும். கூரைக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் கதவுதான் சொன்னது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். ஒரு வெல்டர் நண்பர் பெட்டிக்குழாயில் நீளவாட்டில் இரண்டு, குறுக்கே இரண்டு என்று செய்து, மூலைகளை வளைத்து, மிச்சமிருந்த குறுக்கு வளைவுகளின் முனைகளோடு சேர்த்துப் பற்றவைத்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, உள்ளே இரண்டு முட்டுக்கட்டை கொடுத்து ஓரத்தை மெதுவாக மேலே தூக்கிய பிறகுதான் பற்றவைத்தார். இன்றுவரை அந்தக் கதவைச் சின்னவள் ஒரு கையால் திறக்கிறாள்.

2024 ஏப்ரல் 8

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒட்டினாலே தப்பு என்கிற மாதிரி எழுதிவிட்டேன், அது நியாயம் இல்லை. அளவெடுத்துச் செய்த இரும்புச் சட்டத்தைப் பாலியூரிதேன் சீலன்டால் ஒட்டி, கூடவே ரிவெட் அடிக்கிற முறை நல்ல முறைதான். வெல்டிங் சூட்டில் கூரைத் தகடு நெளியாது, பெயின்ட் கருகாது. ஆனால் அந்த சீலன்ட் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், அதுவும் வெளிப்பரப்பிலிருந்து உள்ளே ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒட்டிய மறுநாளே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. என் குறை எல்லாம் மரத்தின் மேல்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. துருப்பிடித்துக் கழிந்துபோன வெஸ்ட்ஃபாலியா வண்டியிலிருந்து கூரைப் பகுதியை அதன் இரும்போடு முழுசாக வெட்டி எடுத்து, உங்கள் வண்டியில் பொருத்திப் பற்றவைப்பது. ஃபேக்டரி வேலைக்கு மிகவும் அருகில் வருவது அதுதான். தகட்டு வேலையில் கை தேர்ந்த ஆள் வேண்டும், நமக்கு ஆகாது.

2024 மே 19

காகித வேலை. பலர் பாப்-டாப் போட்டதும் டிவிஎல்ஏ என்கிற வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் மோட்டார் காரவான் என்று மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் பார்க்கிற வெளி அடையாளங்களின் பட்டியலில் உயர்ந்த கூரை இருக்கிறது. ஆனால் அதில் பாப்-டாப் சேராது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஜன்னல், தனிக்கதவு, வெயில்மறைப்புக் கம்பி, வண்டியின் இரண்டு பக்கமும் கேம்பர் படம் இவைதான் கணக்கு.

நாற்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் வரிவிலக்கும், 2018 மே 20-லிருந்து எம்ஓடி என்கிற வருடாந்திர வண்டிச் சோதனையிலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் பெரிதாக மாற்றிய வண்டிக்கு அந்த எம்ஓடி விலக்கு பொருந்தாது. கூரையை வெட்டுவது உடல் கூட்டையே தொடுகிற வேலை, அதனால் வெட்டும் முன்பே டிவிஎல்ஏவுக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கேட்டு பதிலைக் காகிதத்தில் வாங்கி வையுங்கள். விலக்கு இருந்தாலும் நான் வருடா வருடம் எம்ஓடிக்கு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைகள் ஏறுகிற வண்டி, இன்னொரு ஜோடிக் கண் பார்க்கட்டும்.

வெட்டக் கூடாத வண்டிகளும் உண்டு. ஃபேக்டரியிலேயே நகரும் இரும்புச் சன்ரூஃப் வந்த டைப் 2, 1967-க்கு முந்திய ஸ்பிளிட் ஸ்கிரீன், அதாவது முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கிற மாடல், எதுவானாலும். குறிப்பாகப் பெரும்பாலான ஸ்பிளிட்களில் முன் கண்ணாடிக்கு மேலே கூரை ஓரத்திலிருந்துதான் உள்ளே காற்று வருகிறது, அந்தக் காற்றுப் பெட்டி கூரைக்கு உள்ளே தொங்கும். அதைக் கலைத்தவர்களின் வண்டியைப் பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும்.

2024 ஜூன் 2

யார் மேலே, யார் கீழே? எங்கள் வீட்டில் இது மூன்று தடவை மாறியது.

முதல் கோடையில் பிள்ளைகள் மேலே. சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் என்பாள். கேன்வாஸ் உள்ளே இருட்டு, ஏணி எங்கே என்று தெரியாது, நான் கீழிருந்து கைநீட்டி இறக்க வேண்டும். ஒரு நாள் ஏணி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தாள், நல்லவேளையாக என்மேல் விழுந்தாள். மறுநாளே ஓரத்தில் வலை கட்டினோம். இரண்டாம் கோடையில் நாங்கள் இருவரும் மேலே, பிள்ளைகள் கீழே. அதற்குப் பலகையை மாற்ற வேண்டி வந்தது. பலகையோடு வருகிற எல்லாமும் இரண்டு பெரியவர்களைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளை என்றால் இன்னொரு சின்ன வழி இருக்கிறது, கூரையே வேண்டாம். முன் இருக்கைகளுக்கு மேலே குறுக்காக இரண்டு கம்பியில் ஒரு கேன்வாஸ் தொங்கல், கேப் பங்க் என்பார்கள். அந்தக் காலத்து வண்டிகளிலேயே வந்தது. என் சின்னவள் அதில் இரண்டு வருடம் தூங்கினாள், ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் கால் வைத்துக்கொண்டு. உங்கள் சின்னவருக்கு அதை வாங்கிப் பாருங்கள், பெரியவரைக் கீழே நடுவில் போடுங்கள். ஒரு கோடை போகட்டும். அதற்கு அப்புறமும் கூரை வேண்டும் என்று தோன்றினால் நானே வருகிறேன்.

2024 ஜூன் 9

கோடை போகவில்லை. லெஸ்டர் தம்பி இரும்புச் சட்டத்துக்கும் மூடிக்கும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாராம். பின் இருக்கைப் பெல்ட் வேலை முடிந்த படத்தையும், டிவிஎல்ஏவுக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கேட்டு வந்த பதில்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். சரி, சொன்ன வார்த்தை. ஜூலையில் போகிறேன்.

2024 ஜூலை 14

லெஸ்டர் போய் வந்தேன். அறுபது மைலுக்கு மேல் அழுத்தினால் என் வண்டிக்கு மூச்சு வாங்கும், அதனால் போகவே நாலு மணி நேரம் ஆனது. தம்பி வீட்டில் இட்லி சாம்பார், அப்புறம்தான் வேலை.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தினோம். ஜாக்கி கூடாது, நாலு சக்கரமும் தரையில். எல்லாக் கதவையும் சாத்தினோம். கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியின் மேல் ஆறு இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கே ஒட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, இடைவெளி வழியாக பிளேடால் டேப்பை அறுத்தேன். இப்போது கதவில் பாதிக் கோடு, உடலில் பாதிக் கோடு. வெட்டி முடித்த பிறகு இரண்டு பாதியும் நேராக நின்றால் எதுவும் நகரவில்லை. பைசா செலவில்லாத அளவுகோல் இது. என் வண்டியில் இதைச் செய்திருந்தால் இரண்டு மாதம் கதவோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்.

உள்ளே ஹெட்லைனிங்கை, அதாவது கூரையின் உள்விரிப்பை, இறக்கினோம். உள்விளக்கு ஒயரை ஓரமாக இழுத்துக் கட்டினோம். நீளவாட்டு இரும்புக் குழாய் இரண்டையும் வெட்டுவதற்கு முன்பே பொருத்திவிட்டோம், குறுக்கு வளைவை அறுக்கும்போது தாங்க ஏதாவது இருக்க வேண்டுமே. கதவின் மேல் தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டுகிறோம் என்பதை அவர் மூன்று தடவை அளந்தார், நான் இரண்டு தடவை.

மூலை நாலிலும் ஹோல் சா என்கிற துளை ரம்பத்தால் வட்டமாகத் துளை போட்டோம். மூலையைச் சதுரமாக வெட்டக் கூடாது, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அப்புறம் நுண்பல் பிளேடு போட்ட ஜிக்சா. ஆங்கிள் கிரைண்டரை எடுத்து வைத்திருந்தார், நான் தொடவிடவில்லை. அதன் தீப்பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகக் குத்திவிடும், எதைத் தேய்த்தாலும் போகாது. மெல்லிய தகடு ஜிக்சாவோடு சேர்ந்து பறை மாதிரி அதிர்கிறது. ஒருவர் உள்ளே நின்று உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே வர வேண்டும். அவர் மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார், அவர் கை நடுங்கவில்லை.

மூலையில் இரண்டு விரல் அகலம் மிச்சம் வைத்துவிட்டு மற்றதை முடித்தோம். இல்லாவிட்டால் கடைசியில் தகடு தன் எடையில் வளைந்து பிளேடைக் கடிக்கும். நாலு பேர் பிடித்துக்கொள்ள, கடைசித் துண்டுகளை அறுத்துத் தகட்டைத் தூக்கினோம். உள்ளே ஒரேயடியாக வெளிச்சம். நாற்பத்தெட்டு வருடம் இருட்டில் இருந்த அந்தப் பழைய அலமாரியின் மேல் வெயில் விழுந்தது. பெரியவன் இருக்கை மேல் ஏறித் தலையை வெளியே நீட்டி, பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டான். அவன் அப்பா ஒன்றும் பேசவில்லை, கையிலிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டிய முதல் நிமிடம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்.

டேப்பைப் பார்த்தோம். ஆறில் ஐந்து கோடு நேராக இருந்தது. ஸ்லைடிங் டோரின் பின் மேல்மூலைக் கோடு மட்டும் பென்சில் கனத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே ஒரு முட்டுக்கட்டை கொடுத்துத் தூக்கி, கோடு சேர்ந்த பிறகு குறுக்குச் சட்டத்தைப் பொருத்தினோம்.

2024 ஜூலை 15

எழுத மறந்தது. ஜிக்சா உதிர்க்கிற இரும்புத் தூளை அன்றைக்கே எடுக்க வேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை முழுக்கத் தடவுங்கள், கதவு இடுக்குகளையும் விடாதீர்கள். ஒரு இரவுப் பனி போதும், காலையில் பெயின்ட் மேல் மஞ்சள்பொடி தூவின மாதிரி துருப்புள்ளி நிற்கும். வெட்டிய ஓரத்துக்கு ஜிங்க் பிரைமரும் அன்றைக்கே. நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

2024 ஆகஸ்ட் 18

தம்பி பதற்றமாக எழுதியிருக்கிறார், முதல் மழையிலேயே கேன்வாஸ் தையல் வழியாகச் சொட்டுகிறதாம். பயப்பட வேண்டாம். பருத்திக் கேன்வாஸ் என்றால் புதிதில் ஊசித்துளை திறந்துதான் இருக்கும். விரித்து வைத்து ஹோஸ் பைப்பால் நன்றாக நனைத்து, முழுசாகக் காயவிடுங்கள். இரண்டு மூன்று தடவை. நூலும் துணியும் ஊறி உப்பி, துளை தானாக அடைபடும். அப்புறமும் சொட்டினால் அது தையல் இல்லை, கீழ் ஓரத்தில் துணியைப் பிடிக்கிற பட்டி. அங்கே பாருங்கள்.

கேன்வாஸ் உள்பக்கம் காலையில் ஈரமாக இருந்தால் அதை ஒழுகல் என்று நினைக்காதீர்கள். நாலு பேர் இரவு முழுக்க விடுகிற மூச்சு எங்கே போகும்? மேலே போய்க் குளிர்ந்து துணியில் படியும். ஜிப் ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள், குளிராக இருந்தாலும்.

இதோடு சேர்த்து ஒன்று, தயவுசெய்து தள்ளிப் படிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு, மணமே இல்லாத விஷவாயு. மூடிய வேனுக்குள் அடுப்பை ஹீட்டராக எரிக்கக் கூடாது. அணைந்த மாதிரி இருக்கிற கரி அடுப்பை மழைக்குப் பயந்து உள்ளே எடுத்து வைக்கக் கூடாது, இந்த நாட்டில் அப்படிக் கூடாரத்துக்குள் வைத்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். சூடான காற்று மேலே போகும், மேலே படுத்திருப்பது உங்கள் பிள்ளைகள். வீட்டுக்கு வாங்குகிற அலாரம் வேண்டாம், வண்டிக்கும் படகுக்கும் என்று சோதித்த ஈஎன் 50291-2 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதோடு வரும் தாளில் எங்கே மாட்டச் சொல்லியிருக்கிறதோ அங்கே ஒன்று. நான் மேல் படுக்கைத் தலைமாட்டுப் பக்கம் இன்னொன்றும் வைத்திருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 20

ஏணி எடுத்த பிறகு மேலே இருக்கிறவர் எப்படி வெளியே வருவார் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி. ஏணியை எடுக்கவே கூடாது. முன்பக்க ஜிப்பை உள்ளிருந்து திறந்து, முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் மேலாகச் சறுக்கி இறங்கப் பிள்ளைகளுக்குப் பகலில் பழக்கிவிட்டோம். எங்கள் சின்னவள் அதைப் பதினைந்து நொடியில் செய்வாள். ஜிப்பின் இழுப்பானில் ஒரு பளிச் நாடா கட்டிவிடுங்கள், இருட்டில் கைக்கு அகப்பட வேண்டும்.

2024 நவம்பர் 3

குளிர் வந்ததும் கூரை பாதியில் நிற்கிறது, மூடியைத் தூக்கிவிடுகிற ஸ்ட்ரட் போய்விட்டதா என்று தம்பி கேட்கிறார். போகவில்லை. கேஸ் ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது அழுத்தப்பட்ட வாயு, குளிரில் அதன் அழுத்தம் குறையும். ஆகஸ்டில் தானாக எழும்பிய மூடியை நவம்பரில் கையால் தள்ளிவிட வேண்டும். அதற்காகப் பலமான ஸ்ட்ரட் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், கோடையில் மூடும்போது கீல் அடியில் ஃபைபர்கிளாஸை நெம்பிவிடும்.

காற்றுக்கு எப்படி நிறுத்துவது என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தார். கீல் இருக்கிற பக்கம் காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் கீல் என்றால் வண்டியின் முதுகு காற்றுக்கு. பக்கத்தில் கீல் என்றால் அந்தப் பக்கம். இல்லாவிட்டால் இரவு முழுக்கக் கேன்வாஸ் படபடக்கும், கீழே இருக்கிறவர்களும் தூங்க மாட்டார்கள்.

நனைந்த கேன்வாஸை மூடிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டிய நாள் எல்லோருக்கும் வரும். வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், திறந்து காயவிடுங்கள். இரண்டு நாள் மூடிக் கிடந்தால் கரும்புள்ளி பூக்கும், அதைத் துவைத்து எடுக்க முடியாது. என் பச்சைக் கேன்வாஸில் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்கு அப்படி ஒன்று இருக்கிறது, 2021-லிருந்து.

2025 மே 5

லெஸ்டர் தம்பி நார்ஃபோக் கடற்கரையிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். மூடி திறந்து நிற்கிறது, ஜிப் ஜன்னலில் இரண்டு தலை. மூன்று இரவு தங்கினார்களாம், ஒரு இரவு நல்ல மழை, ஒரு சொட்டும் இல்லை. ஸ்லைடிங் டோர் எப்படி என்று கேட்டேன். புல்வெளியில் பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில்தான் நிற்கிறது, சின்னவன் திறந்து திறந்து சாத்தி விளையாடுகிறான், நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறார்.

வெட்டி எடுத்த கூரைத் தகட்டை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். எறிந்துவிடாதீர்கள். வண்டியின் சொந்த நிறம் அதில்தான் வெயில் படாத பக்கம் அப்படியே இருக்கும், பின்னால் பெயின்ட் கலக்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. என்னுடையது கராஜ் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உள்பக்கம் பிரைமர் அடித்து, தரையில் படாமல் இரண்டு கட்டை மேல் வையுங்கள்.